முகத்துக்குப் பூச்சு, முதுகுக்குப் புண்!

கடைக் கண்ணாடிக்குள்ளே சிங்காரச் சிமிழ்கள் சிரிக்கின்றன. 'ரெட்டினால்' என்று பெயர். சுருக்கம் நீங்கும், முகம் மினுங்கும் என்று விளம்பரம். வைட்டமின் 'ஏ' குடும்பத்துப் பிள்ளை அது. தோலுக்குள்ளே போய் ரெட்டினோயிக் அமிலமாக மாறுகிறது. பழைய செல் உதிரவும் புதிய செல் மேலெழவும் வழி செய்கிறது. கட்டுக்கதையல்ல, விஞ்ஞானம்! விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளுமல்ல. ஆனால், விலைச்சீட்டிலே எழுதாத விலை ஒன்று உண்டு. அதைத்தான் எடுத்துரைக்கிறோம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா, சுதந்திரப் பிரகடனம் பிறந்த ஊர். அந்த ஊரிலேதான் ஹோம்ஸ்பர்க் சிறை! 1951 முதல் 1974 வரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் அச்சிறையை ஆராய்ச்சிக் களமாக்கினார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் தண்டிக்கப்பட்டவர்கள்கூட அல்ல. ஜாமீன் கட்டப் பணமின்றி விசாரணைக்குக் காத்துக் கிடந்தவர்கள். அவர்கள் முதுகிலே கட்டம் கட்டமாக மருந்து தடவினார்கள். டயாக்சின் எனும் கொடிய நஞ்சையும் தடவினார்கள். கூலி, சில டாலர்!

"சம்மதித்துத்தானே வந்தார்கள்?" என்று வாதிடுவோர் உண்டு. ஜாமீன் பணத்துக்குத் தவிப்பவனிடம், பூட்டிய கதவுக்குப் பின்னே, சில டாலரை நீட்டிப் பெறுவது சம்மதமா? தடவுவது இன்னதென்று தெளிவாகச் சொல்லாமல் பெறுவது சம்மதமா?

அந்தச் சோதனைகளின் வழியே வளர்ந்ததுதான் 'ரெட்டின்-ஏ'. 1971-இல் முகப்பரு மருந்தாக அங்கீகாரம் பெற்றது. பின்னர் சுருக்கம் போக்கும் பூச்சாகவும் புகழ் பெற்றது. மருத்துவருக்குப் பணம், பல்கலைக்கழகத்துக்குப் பணம், கம்பெனிக்குக் கொள்ளை லாபம். கைதிக்கு? தழும்பு!

2000-இல் சுமார் 300 பேர் நீதி கேட்டு வழக்காடினர். காலம் கடந்துவிட்டது என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. 2010-இல் கிளிக்மன் மறைந்தார். 2021-இல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி மன்னிப்புக் கேட்டது. 2022-இல் நகர நிர்வாகமும் கேட்டது. மன்னிப்புத் தாள் கொண்டு தழும்பைத் துடைக்க முடியுமா?

தோழர்களே! ஆராய்ச்சி வேண்டும், ஆனால் ஏழையின் உடல் எவரும் ஏர் பூட்டும் புறம்போக்கு நிலமல்ல! நம் நாட்டிலே 2019-ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள் உண்டு. சோதனைக்கு அழைத்தால், உமக்குப் புரியும் மொழியிலே விளக்கம் தர வேண்டும். மறுக்க உமக்கு உரிமை உண்டு. சோதனையால் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டினால், அவசரப்படாதீர். படித்துப் பாரும், படிக்கத் தெரிந்த தோழரிடம் காட்டும். கேள்வி கேளும்!

கேளாதிருந்தவன் முதுகிலேதான் பிறர் முகத்தின் பளபளப்பு விளைந்திருக்கிறது!