வளார்ப் புரதம்: ஓர் உயிரணுவை எதனால் அறிகிறோம்?

சொல்லாராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட நாம் உயிரணுவைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஒரு குறியைக் கண்டவுடன் அது குறிக்கும் பொருளை முடிவு செய்துவிடலாமா என்னும் வினா இரு துறைக்கும் பொதுவானது. அவ்வினாவை வைமென்டின் என்னும் புரதத்தைக் கொண்டு ஆராய்வோம்.

தோலின் அடியிலும், தசைநாண்களிலும், உள்ளுறுப்புகளைத் தாங்கும் இணைப்புத் திசுவிலும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் உள்ளன. நூற்கும் கதிரைப் போல இரு முனையும் கூர்த்து நீண்டவை. கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை உண்டாக்குவதும், புண்பட்ட இடத்திற்கு நகர்ந்து சென்று அதனை ஆற்றுவதும் இவற்றின் பணி.

உயிரணுவைத் தாங்கும் சட்டகம் மூவகை இழைகளால் ஆனது. ஆக்டின் இழை ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிப்புடையது. நுண்குழல் 25 நானோமீட்டர். இடையில், 10 நானோமீட்டர் அளவில் நிற்பவை இடையிழைகள். 'இடை' என்னும் அடைமொழிக்குப் பாடநூல்கள் பல இக்காரணத்தையே கூறும். 1968இல் இஷிகாவாவும் உடனாய்வாளரும் கோழிக் கருவின் தசையணுக்களில் இவற்றைக் கண்டு பெயரிட்டபோது கருதியதோ, ஆக்டினுக்கும் அதனினும் தடித்த மயோசினுக்கும் இடைப்பட்ட அளவை. பெயர் நிலைத்தது, காரணம் மாறியது. சொல் வரலாற்றில் இது புதிதன்று.

ஆக்டினும் நுண்குழலும் எல்லா உயிரணுக்களிலும் ஏறக்குறைய ஒரே தன்மையானவை. இடையிழை அவ்வாறன்று. மனிதரில் இதற்கென ஏறத்தாழ 70 மரபணுக்கள் உள்ளன. உறுப்புகளின் மேற்பரப்பைப் போர்த்தும் மேலணித் திசுவில் கெரட்டின், தசையில் டெஸ்மின், இணைப்புத் திசுவில் வைமென்டின் எனத் திசுதோறும் புரதம் வேறுபடும். ஆகவேதான் இப்புரதங்கள் உயிரணுவின் இனத்தைக் காட்டும் அடையாளங்களாகப் பயன்படலாயின.

வைமென்டின் என்னும் பெயர் 1978இல் வெர்னர் ஃபிராங்கே, மேரி ஆஸ்பர்ன், கிளாஸ் வேபர் முதலியோரின் ஆய்வில் தோன்றியது. அதன் இலத்தீன் வேர், வளையும் மெல்லிய கொம்பைக் குறிப்பது. கெரட்டினின் கிரேக்க வேரோ விலங்கின் கொம்பைக் குறிப்பது. மரக்கிளையும் கொம்பு, மாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு என்று வழங்கும் தமிழில் 'கொம்புப் புரதம்' என ஒரு கலைச்சொல் ஆக்கினால், பிரித்தறிய வேண்டிய இரண்டும் ஒன்றாகிவிடும். நல்லவேளையாக, மெல்லிய இளங்கொம்பிற்கு 'வளார்' என்னும் சொல் நம்மிடம் உண்டு. புளியம் வளாரைத் திண்ணைப் பள்ளி மாணவர் நன்கு அறிந்திருந்தனர்! வைமென்டினை வளார்ப் புரதம் எனலாம் என்பது நம் கருத்து.

இப்புரதத்தைக் காணும் முறை எளியது. வைமென்டினோடு மட்டும் பிணையும் எதிர்ப்பானை உயிரணுவின்மீது இடுவர். அவ்வெதிர்ப்பானைப் பற்றும் மற்றோர் எதிர்ப்பானில் ஒளிர்சாயம் ஏற்றியிருப்பர். நுண்ணோக்கியில், உட்கருவைச் சூழ்ந்து விளிம்புவரை பரவிய கூடைப்பின்னல் ஒளிரும்.

ஒளிர்ந்தால் அது ஃபைப்ரோபிளாஸ்ட் என்று முடிவு செய்யலாமா? கூடாது. இரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்களிலும், வெள்ளணுக்களிலும், கண்வில்லையின் அணுக்களிலும் வைமென்டின் உண்டு. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கப்படும் மேலணி உயிரணுக்கள்கூட, உடலில் இருந்தபோது கொண்டிராத வைமென்டினைப் பல வேளைகளில் உண்டாக்கத் தொடங்குகின்றன.

இலக்கணம் கற்றோர்க்கு இது பழகிய சிக்கலே. 'கல்லால் எறிந்தான்' என்பதில் 'ஆல்' மூன்றாம் வேற்றுமை உருபு. 'மழை பெய்தால்' என்பதிலும் 'ஆல்' ஒலிக்கிறது. அங்கு வேற்றுமை இல்லை, நிபந்தனை உண்டு. உருபைத் தனியே பிடுங்கிப் பார்த்தால் எதுவும் விளங்காது. முன்னிற்பது பெயரா வினையா எனவும் நோக்க வேண்டும். வேற்றுமைகள் தம்முள் மயங்குவதற்கெனத் தொல்காப்பியம் ஓர் இயலையே வகுத்துள்ளது.

உயிரணுவியலாரும் அவ்வாறே செய்கின்றனர். வைமென்டின் உண்டு, கெரட்டின் இல்லை, ஆகவே மேலணி அன்று, டெஸ்மின் இல்லை, ஆகவே தசை அன்று, இரத்தக்குழாய் அணுவுக்கும் வெள்ளணுவுக்கும் உரிய மேற்பரப்புக் குறிகளும் இல்லை. கதிர் வடிவமும் கொலாஜன் ஆக்கமும் ஒத்துவரின், அது ஃபைப்ரோபிளாஸ்ட். இங்கு உள்ளதைக் காட்டிலும் இல்லாததே மிகுதியாகப் பேசுகிறது. வகுப்பில் 'வைமென்டின் ஃபைப்ரோபிளாஸ்டின் அடையாளம்' என ஒரு வரியில் முடித்துவிடும் ஆசிரியர்கள் இந்த 'இல்லை'களையும் கரும்பலகையில் எழுத வேண்டுகிறோம்.

நோய்க்கூற்று மருத்துவரிடம் இது ஏட்டளவில் நிற்பதில்லை. கட்டியிலிருந்து எடுத்த துண்டில் கெரட்டின் தென்பட்டால் மேலணியில் தோன்றிய புற்று எனவும், வைமென்டின் மட்டும் தென்பட்டால் இணைப்புத் திசுவில் தோன்றிய புற்று எனவும் தொடக்கத்தில் பிரிக்க முயன்றனர். ஆனால் மெலனோமா என்னும் நிறமியணுப் புற்றிலும் வைமென்டின் உண்டு. மேலணிப் புற்றணுக்கள் பிற இடங்களுக்குப் பரவ முற்படும்போது கெரட்டினைக் குறைத்து வைமென்டினை ஏற்பதும் உண்டு. இவை ஒவ்வொன்றிற்கும் மருத்துவம் வேறு. குறியைத் தவறாகப் படித்தால் துன்புறுவது நோயாளியே.

இதனால் வைமென்டின் சோதனை கைவிடப்படவில்லை. அதற்கு வேறொரு பணியும் வாய்த்தது. எந்தத் திசுத் துண்டிலும் சிறிதளவேனும் இரத்தக்குழாயும் இணைப்புத் திசுவும் இருக்கும். அவற்றிலும் வைமென்டின் தென்படவில்லையெனில், பதப்படுத்துகையில் துண்டு கெட்டிருக்கலாம் என ஐயுற்று, மற்றச் சோதனைகளின் 'இல்லை'களையும் மருத்துவர் நம்பத் தயங்குவர்.