பந்தயக் குதிரையைச் சாய்த்த குளம்பு நோய்

1973ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி. நியூயார்க்கில் பெல்மாண்ட் பந்தயம். 'செக்ரடேரியட்' என்ற செந்நிறக் குதிரை ஒன்றரை மைல் தூரத்தை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்தது. இரண்டாவதாக வந்த குதிரை 31 குதிரை நீளத்துக்குப் பின்தங்கிவிட்டது. அந்த நேரத்தை அந்தப் பந்தயத்தில் இன்று வரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட குதிரையை 1989 அக்டோபர் 4ஆம் தேதி, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பண்ணை ஒன்றில் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். வயது 19. காலை உடைத்துக்கொண்டதா என்றால் இல்லை. குளம்புக்குள் அழற்சி. 'லாமினைடிஸ்' என்று பெயர். அது படும் வேதனையைக் காணச் சகியாமல் எடுத்த முடிவு.

இந்தச் செய்தி எனக்கு நினைவு வந்தது மாத்தேரான் மலையில்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தேன். ரயில்வே குமாஸ்தா ஆயிற்றே, நேரலிலிருந்து பொம்மை ரயிலில் இடம் பிடித்துவிடுவேன் என்று வீட்டில் நம்பிக்கை. இடம் கிடைக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து, தஸ்தூரி நாக்காவில் இறங்கினோம். அதற்கு மேல் கார் போகாது. 2022இல் மின்சார ரிக்‌ஷா சோதனையாக வந்தது என்றாலும், குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய. மும்பையில் விக்டோரியா வண்டிகளுக்கு 2015இல் உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. மாத்தேரானில் குதிரைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஓரமாக ஒரு பழுப்புக் குதிரை. முன்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து நின்றது. "சோம்பேறிக் குதிரைப்பா" என்றான் என் மகன். குதிரைக்காரர் அதைப் பிடித்து இழுத்து நடத்தப் பார்த்தார். அது அடியெடுத்து வைக்க மறுத்தது.

"என்ன ஆச்சு பாய்?" என்று இந்தியில் கேட்டேன்.

"முந்தாநாள் ராத்திரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தானிய மூட்டையில் வாய் வைத்துவிட்டது பாபுஜி. பாதி மூட்டை காலி. நடந்தால் ரத்தம் ஓடும், சரியாகிவிடும்" என்றார். வாங்கிய கடன் பாதிதான் அடைந்திருக்கிறதாம்.

நகச்சுத்தி மேல் நிற்பது போல

குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் மேல். குளம்பு என்பது அந்த விரலின் நகம். நகத்தின் உட்சுவரிலும், உள்ளே இருக்கும் எலும்பைப் போர்த்திய தசையிலும் புத்தக ஏடுகள் போல மெல்லிய மடிப்புகள். ஒரு குளம்பில் சுமார் 550 முதல் 600 வரை பெரிய மடிப்புகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேல் சிறு மடிப்புகள். இரண்டு பக்க ஏடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு, அரை டன் உடம்பைத் தாங்குகின்றன. எலும்பு அடித்தோல் மீது உட்கார்ந்திருக்கவில்லை, சுவரிலிருந்து தொங்குகிறது.

நமக்கு விரலில் நகச்சுத்தி வந்தால் சட்டைப் பொத்தான் போட முடிவதில்லை. அதே இடத்தில் அழற்சி வந்து, அதன் மேலேயே நிற்கவும் வேண்டும் என்றால்? ஏடுகள் பிடி விட்டுப்போனால் எலும்பு கீழே இறங்கும், அல்லது நுனி திரும்பி அடித்தோலைக் குத்தும். முற்றினால் மீட்பது மிகவும் கஷ்டம்.

வியாதி காலில், வேர் வேறிடத்தில்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் பிராணி குதிரை. தானியம் அளவுக்கு மீறினால் பெருங்குடலில் புளித்து, அங்குள்ள கிருமிகள் மடிந்து, விஷம் ரத்தத்தில் கலக்கிறது. உடம்பு முழுக்கப் பரவும் அந்த அழற்சி, குளம்பு ஏடுகளைத்தான் முதலில் பதம் பார்க்கிறது.

இன்னொரு வழி ஹார்மோன். கொழுத்து, பிடரி தடித்த குதிரைகளின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. நம் சர்க்கரை வியாதிக்குப் பங்காளி என்று சொல்லலாம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை பெரும்பாலும் ஏறுவதில்லை, இன்சுலின்தான் ஏறிக் கிடக்கும். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், நோயில்லாத மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினார்கள். மூன்றே நாளில் நான்கு குளம்பிலும் நோய்! ரத்தக் குழாயை விரிக்கவும் சுருக்கவும் இன்சுலினுக்குச் சக்தி உண்டு. உடம்பு அதற்குப் பணியாதபோது விரிக்கும் வேலை குன்றி, சுருக்கும் வேலை மிஞ்சுகிறது. ஏடுகளும் நீண்டு தளர்ந்துவிடுகின்றன. வயதான குதிரைகளுக்கு மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கெடுவதும் இதில் கொண்டுவிடும்.

2006இல் கென்டக்கி டெர்பியில் வென்ற 'பார்பரோ' குதிரையின் கதை வேறு. இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து எலும்பைச் சேர்த்தார்கள். பாரம் முழுவதும் இடது பின்னங்காலில் விழ, அந்தக் குளம்பில் இந்த நோய் வந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்தால்தான் குளம்புக்குள் ரத்தம் சீராக ஓடும். 2007 ஜனவரியில் அதையும் தூங்க வைக்க நேர்ந்தது.

அப்படியானால் குதிரைக்காரர் நடத்தப் பார்த்தது சரிதானே? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். போன் போட்டேன்.

"நடத்தவே கூடாது சார்" என்றார் எடுத்த எடுப்பில். நல்ல காலுக்கு நடை மருந்து. ஏடு வீங்கிய காலில் ஒவ்வொரு அடியும் பிடியைக் கிழிக்குமாம். குளம்புக்கு மேலே கணுவுக்குப் பின்புறம் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். சாதாரணமாக அங்கே நாடி லேசாகத்தான் தெரியும். குதிரைக்காரர் வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். தானியத்தை நிறுத்தி, மணல் மெத்தையில் நிறுத்தி, கால்களை ஐஸ் தண்ணீரில் வைக்கும்படி உத்தரவு. ஆரம்பத்திலேயே குளிர வைத்தால் ஏடுகளைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. ஒரு மணி, இரண்டு மணி போதாது, இரவு பகலாக வைக்க வேண்டும். வலிக்கு மருந்து கொடுக்க உள்ளூர்க் கால்நடை டாக்டரை உடனே வரவழைக்கச் சொன்னார்.

சர்பத் கடைக்காரர் ஐஸ் கட்டியை உடைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் வந்தன. முதலில் மிரண்ட குதிரை, முன்னங்கால்களை உள்ளே வைத்த சிறிது நேரத்தில் தலையைத் தாழ்த்தியது. நாங்கள் கிளம்பும்போது குதிரைக்காரர் தொட்டியருகில் குந்தி உட்கார்ந்து, மறுபடியும் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.