ஒன்பது ஊரா, இரண்டு ஊரா?

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு துண்டுப்பிரசுரங்கள் ஒரு வாரமாகக் கிடந்தன. நான்கும் இந்தியச் சுற்றுலா பற்றியவை. நான்கின் அட்டையிலும் தாஜ்மஹால் இருந்தது. வாப்பா அவற்றை என் பக்கம் தள்ளிவிட்டு, “ஒனக்கு புவியியல்தானே புள்ள. எது நல்லதெண்டு நீயே பாத்துச் சொல்லு” என்றார்.

பரீட்சை வினாத்தாளைவிட அது கடினமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பயணத்துக்கான பணத்தில் பெரும்பகுதி உம்மும்மாவுடையது. ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுத்து, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். அவர் முதலில் ஹஜ் கடமையை நிறைவேற்றினார், அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு சேர்த்தது இது. அவர் நூலும் ஊசியும் போட்டு வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் தாஜ்மஹாலின் படம் உண்டு. ஒரு தூண் தேய்ந்தே போய்விட்டது. “மௌத்தாக முந்தி இத நேரா ஒருக்காப் பாக்கோணும்” என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லி வருகிறார். இப்போது அவருக்கு இரண்டு முழங்காலிலும் வருத்தம். இரண்டாம் தடவை போக வசதியும் வராது, முழங்காலும் விடாது. ஆகவே நான் பிழையாகத் தெரிந்தெடுத்தால் அதைத் திருத்த வழியில்லை.

பிழையான தெரிவு எப்படியிருக்கும் என்பதையும் எங்கள் குடும்பம் ஏற்கெனவே அறிந்திருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் என் மாமா குடும்பத்தோடு “ஏழு இரவுகள், ஒன்பது நகரங்கள்” என்ற பயணத்தில் போனார். டில்லி, மதுரா, ஆக்ரா, பதேபூர் சிக்ரி, ஜெய்ப்பூர், அஜ்மீர், புஷ்கர், சித்தோர்கர், உதய்ப்பூர். பட்டியலை வாசிக்கும்போதே வாயில் ஊறும். ஆனால் அவர்கள் ஆக்ராவுக்குப் போய்ச் சேர்ந்த நாள் வெள்ளிக்கிழமை. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருக்கும். அங்குள்ள பள்ளிவாசலில் ஜும்ஆ நடப்பது உண்மை, ஆனால் அது உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். பயணத்தை ஒழுங்கு செய்தவர் இதைச் சொல்லவேயில்லை. மறுநாள் காலையில் பஸ் ஜெய்ப்பூருக்குப் புறப்பட வேண்டியிருந்ததால், யமுனை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மெஹ்தாப் தோட்டத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார்கள். மாமியின் படத்தில் அவருடைய தோளுக்கு மேலே தாஜ்மஹால் மங்கலாகத் தெரிகிறது.

தோழியரே, உங்களுடைய வீட்டிலும் ஒரு நாள் இப்படிப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் வந்து சேரலாம். அவற்றை நான் வாசித்துப் பழகிய விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பூமிப்படத்தை எடுத்தேன். இந்தியா நமது நாட்டைப்போல ஏறக்குறைய 50 மடங்கு பெரியது. வடக்கிலிருந்து தெற்கே 3214 கிலோமீற்றர், கிழக்கிலிருந்து மேற்கே 2933 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நேர்கோட்டில் சுமார் 435 கிலோமீற்றர்தான். நாம் “பக்கத்து ஊர்” என்று சொல்லும்போது மனதில் கொள்ளும் தூரம் அங்கே செல்லுபடியாகாது. டில்லியிலிருந்து ஆக்ரா சுமார் 230 கிலோமீற்றர், ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் சுமார் 240. மாமா போன பாதையை நூல் வைத்து அளந்து, டில்லிக்குத் திரும்பி வந்ததையும் கூட்டினேன். 1500 கிலோமீற்றரைத் தாண்டியது. ஏழு இரவில்!

இரண்டாவது துண்டுப்பிரசுரம் இன்னும் துணிச்சலானது. “வடக்கும் தெற்கும் எட்டு நாட்களில்” என்று டில்லி, மும்பை, ஹைதராபாத், சென்னை ஆகிய நான்கையும் கோர்த்திருந்தது. என் தம்பி மும்பையைக் கண்டதும் வான்கடே மைதானத்தைப் பார்க்க வேண்டுமென்று நின்றான். 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நாம் தோற்ற இடத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். டில்லிக்கும் சென்னைக்கும் இடையே ரயில் பாதை மட்டும் சுமார் 2180 கிலோமீற்றர். ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினாலும் சாதாரண ரயில் போய்ச் சேராது. ஆகவே இப்படிப்பட்ட பயணங்களில் ஊருக்கு ஊர் விமானம்தான். பறப்பது இரண்டு மணித்தியாலமென்றாலும், ஹோட்டலைக் காலி செய்து, விமான நிலையத்துக்குப் போய், காத்திருந்து, இறங்கி, அடுத்த ஹோட்டலைச் சென்றடைய அரை நாள் போய்விடும். இந்திய உள்நாட்டு விமானங்களில் பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. நம்மவர்கள் சாமான் வாங்காமல் திரும்புவார்களா?

பிறகு ஒவ்வொரு பயணத்திலும் ஊர்ப் பெயர்களை வெட்டிவிட்டு மணித்தியாலங்களை எழுதினேன். தூக்கம் எட்டு, பஸ் ஆறு, மூன்று வேளைச் சாப்பாடு மூன்று, பெட்டி கட்டி அவிழ்ப்பதும் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருப்பதும் இரண்டு. பிரயாணி தொழுகையைச் சேர்த்தும் சுருக்கியும் தொழலாம், ஆனால் அதற்கும் பஸ் நிற்க வேண்டுமே. இப்படிக் கழித்துக்கொண்டு போனால் ஒன்பது நகரப் பயணத்தில் ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் மிஞ்சுகிறது. அந்த நான்கையும் இரண்டு ஊர்கள் பங்குபோட வேண்டும்.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. இரவு தங்காத ஊரை ஊராக எண்ணக்கூடாது. மாமாவின் ஒன்பது நகரங்களில் மதுராவும் பதேபூர் சிக்ரியும் புஷ்கரும் சித்தோர்கரும் பஸ் போகும் வழியில் இறங்கி ஏறிய இடங்கள். அப்படிக் கழித்தால் ஒன்பது ஐந்தாகிவிடும்.

சொற்களையும் கவனிக்க வேண்டும். “பார்வையிடல்” என்றால் உள்ளே போவது. “வெளியிலிருந்து பார்வையிடல்” என்றால் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது. “கடந்து செல்லல்” என்றால் பஸ் யன்னல்தான். மூன்றாவது துண்டுப்பிரசுரத்தில் டில்லிக்கு எட்டு இடங்கள் போடப்பட்டிருந்தன. அவற்றில் ஐந்து கடந்து செல்லல்!

நாட்களும் அப்படித்தான். ஆக்ராவில் வெள்ளிக்கிழமை கூடாது என்பதை மாமா கற்றுத் தந்துவிட்டார். டில்லிச் செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காலத்தைப் பொறுத்தவரை, மே, ஜூனில் டில்லி வெயில் 40 பாகையைத் தாண்டும். ஓகஸ்ட் மழை. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுவதும் மூடுபனி, அதனால் ரயிலும் விமானமும் தாமதமாகும். நம்முடைய பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தில்தான் வருகிறது. அது இப்போது குளிர் குறைந்த நல்ல காலத்தில் விழுந்தாலும், நோன்பில் அலைய வேண்டாமென்று உம்மும்மா சொல்லிவிட்டார். ஆகவே என் பரீட்சை முடிந்த கையோடு, மூடுபனி இறுகுமுன் போவதென்று முடிவாயிற்று.

கட்டணத்தில் ஒரு விடயம். நான் பார்த்தபோது தாஜ்மஹாலுக்கு வெளிநாட்டவருக்கான கட்டணம் 1100 இந்திய ரூபாய். ஆனால் இலங்கை சார்க் நாடாகையால் நமக்கு 540 ரூபாய்தான். நடுவிலுள்ள கல்லறை மண்டபத்துக்குள் போக எல்லோருக்கும் மேலும் 200. ஹுமாயூன் கல்லறை, குதுப்மினார் போன்ற தொல்பொருள் இடங்களில் நமக்கும் இந்தியருக்கும் ஒரே கட்டணம். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். “நுழைவுக் கட்டணங்கள் உள்ளடங்கும்” என்று எழுதியிருந்தால் எந்தக் கட்டணத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்டேன். தொலைபேசியில் பேசியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் வாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “கிட்டத்தட்ட அதே காசுக்கு ஒருத்தன் ஒம்பது ஊரு காட்டுறான். நீ ரெண்டு ஊருக்குக் குடுக்கச் சொல்றியே” என்றார். இந்தியா போன்ற பல மொழி, பல மதம், பல பண்பாடுள்ள நாட்டை இரண்டு ஊரில் பார்த்து முடிக்கலாமா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் மட்டும் 22 மொழிகள் உள்ளன. ஆனால் ஒன்பது ஊர் பார்த்தாலும் அதை முடிக்க முடியாதே!

அவருக்குப் பழைய டில்லியின் சாந்தினி சௌக் தெருவைப் பூமிப்படத்தில் காட்டினேன். செங்கோட்டைக்கு எதிரே தொடங்குகிறது. முதலில் சிவப்புக் கல்லாலான ஜைனக் கோயில், பக்கத்தில் கௌரி சங்கர் கோயில், ஒரு பப்டிஸ்ட் தேவாலயம், சீக்கியரின் சீஸ்கஞ்ச் குருத்வாரா, அதை ஒட்டினாற்போல் ஸுனஹ்ரி பள்ளிவாசல், தெருவின் மறுமுனையில் பதேபூரி பள்ளிவாசல். எல்லாம் ஒன்றரைக் கிலோமீற்றருக்குள். சற்று விலகினால் ஜும்ஆ பள்ளிவாசல். ஒரு நாள் முழுவதையும் அந்தத் தெருவுக்குக் கொடுக்கலாம். பஸ் யன்னலிலிருந்து மூன்று மாநிலங்களைப் பார்ப்பதைவிட எனக்கு இது பெரிதாகப்பட்டது.

இப்படித் தேடும்போதுதான் எனக்கே ஒரு ஆசை முளைத்தது. சாந்தினி சௌக்கை அமைத்தவர் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம். பதேபூரி பள்ளிவாசலைக் கட்டியவர் ஷாஜஹானின் மனைவியரில் ஒருவர். தாஜ்மஹாலுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஹுமாயூன் கல்லறையைக் கட்டுவித்தவர் அவருடைய விதவை மனைவி பேகா பேகம். ஹஜ் செய்ததால் ஹாஜி பேகம் என்றே அவரை அழைத்தார்கள். (இதைக் கேட்டதும் உம்மும்மா தையலை நிறுத்திவிட்டு, “அவவும் ஹாஜியாவா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.) ஆக்ராவில் இதிமாதுத் தௌலாவின் கல்லறை உண்டு. நூர்ஜஹான் தன் தந்தைக்காகக் கட்டியது. வெண்பளிங்கில் வண்ணக் கற்கள் பதித்த அந்தச் சின்னக் கட்டடம் தாஜ்மஹாலுக்கு முந்தியது. என் நான்கு துண்டுப்பிரசுரங்களில் ஒன்றில்கூட அதன் பெயரில்லை. இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் மன்னர்களின் பெயர்களை மனனம் செய்த எனக்கு, இந்தப் பெண்களின் வேலையை நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அந்த ஆசையின் தொடர்ச்சிதான் போபால். 1819 முதல் 1926 வரையான காலத்தில் நான்கு பேகங்கள் ஆண்ட நகரம். கடைசியாக ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம்தான் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர். போபால் ஆக்ராவிலிருந்து போகும் அதே ரயில் பாதையில் இருக்கிறது. ஆனால் இன்னும் சுமார் 500 கிலோமீற்றர். உம்மும்மாவின் முழங்காலையும் வாப்பாவின் கணக்கையும் பார்த்தேன். இரண்டு இரவு நானும் எனக்குள் வழக்காடினேன். பிறகு போபாலை என் பட்டியலிலிருந்து நானே வெட்டினேன். மற்றவர்களுடைய ஊர்களை வெட்டியபோது இவ்வளவு வலிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிவில் வாப்பாவை வழிக்குக் கொண்டுவந்தது என் கணக்கல்ல, மாமாவின் தொலைபேசி அழைப்பு. “மச்சான், புள்ள சொல்றதக் கேளுங்க. நாங்க ஒழுங்காப் பாத்தது முன் சீட்ட மட்டும்தான்” என்றார்.

இப்போது எங்கள் திட்டம் இதுதான்: டில்லியில் நான்கு இரவு, ஆக்ராவில் இரண்டு இரவு. பெட்டியை ஒரேயொரு தடவைதான் மாற்றிக் கட்ட வேண்டும். டில்லி நிஸாமுத்தீன் நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் கதிமான் கடுகதி ரயில் 100 நிமிடத்தில் ஆக்ராவில் இறக்கிவிடும். வெள்ளிக்கிழமைகளில் அது ஓடுவதில்லை. தாஜ்மஹாலுக்கு விடுமுறை என்பது ரயிலுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! ஆக்ராவில் முதல் நாள் மாலையில் கோட்டை. ஷாஜஹான் தன் கடைசி ஆண்டுகளில் மகனால் சிறைவைக்கப்பட்டு, ஜஹானாராவின் துணையோடு தாஜ்மஹாலைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. மறுநாள் விடிந்ததும் தாஜ்மஹால். அன்று வேறொன்றும் இல்லை. தம்பிக்கு ஈடாக அடுத்த நாள் பதேபூர் சிக்ரி, அது 40 கிலோமீற்றருக்குள். படிகள் அதிகமாகையால் உம்மும்மாவும் உம்மாவும் வாகனத்தடியில் இருப்பார்கள். பயண முகவர் முதலில் சிரித்தார். “ரெண்டு ஊருக்கு யாரும் போறதில்ல” என்றார். ஒன்பது நகரப் பயணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் விலை வந்தது. வாப்பா அதைத் தாம் தருவதாகச் சொல்லிவிட்டார்.

நேற்று இரவு உம்மும்மா பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அங்க இருந்து பாக்க வாங்கு இருக்குமா மகள்?”

தோட்டத்தின் நடுவில், தாஜ்மஹாலுக்கு நேர் எதிரே, ஒரு பளிங்கு வாங்கு இருக்கிறது என்றேன். ஆனால் எல்லோரும் அதில் அமர்ந்து படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள், சீக்கிரம் எழும்பச் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன்.

“சொல்லட்டும்” என்றார் உம்மும்மா. “முழங்கால் ஏலாதெண்டு சொல்லுவோம்.”