அதே நாலு மிளகாய்தான்... நேற்று இல்லாத காரம் இன்று எப்படி வந்தது?

விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லை ஒட்டியிருக்கும் ஊர் குயிலாப்பாளையம். காரம் பழகிய ஊர்க்காரர்களும், காரம் என்றாலே தயங்கும் வெளிநாட்டவர்களும் ஒரே கடைத்தெருவில் பச்சை மிளகாய் வாங்குகிறார்கள். அது எவ்வளவு உறைக்கும் என்று பார்த்தவுடன் சொல்வது இரு தரப்புக்குமே கஷ்டம்தான். நேற்று நாலு மிளகாய் போட்ட சட்னி சப்பென்று இருக்கும். இன்று அதே நாலு, கண்ணில் தண்ணீர் வரவைக்கும். கைப்பக்குவம் மாறவில்லை, மிளகாய்தான் மாறியிருக்கிறது.

காரம் விதையிலா இருக்கிறது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மையில் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் உருவாவது, விதைகள் ஒட்டியிருக்கும் உள் வெள்ளைப் பகுதியில். விதையில் இருக்கும் காரம் பெரும்பாலும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான். வெள்ளைப் பகுதி காம்புப் பக்கம் அதிகம், நுனியில் குறைவு. பஜ்ஜி மிளகாயின் நுனியைக் கடித்து ‘காரமே இல்லையே’ என்பவர், காம்பை நெருங்கும்போது தண்ணீர் தேடுவது இதனால்தான்.

ஒரே ரகத்தில் ஏன் வித்தியாசம்?

முதல் காரணம் ரகம். கர்நாடகாவின் பேடகி மிளகாய் நிறத்துக்குப் பேர்போனது, காரம் குறைவு. ஆந்திராவின் குண்டூர் சன்னம் காரத்துக்குப் பேர்போனது. ஆனால் ஒரே ரகத்திலும் வெயில், தண்ணீர், உரம், பறிக்கும்போது காய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதைப் பொறுத்துக் காரம் மாறும். தண்ணீர்ப் பற்றாக்குறையில் வளரும்போது பல ரகங்களில் காரம் கூடுகிறது. ஒரே செடியின் இரண்டு காய்கள்கூட ஒரே மாதிரி இருக்காது.

1912-ல் அமெரிக்க மருந்தாளுநர் வில்பர் ஸ்கோவில் காரத்தை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த அளவில் குடைமிளகாய்க்கு 0. வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜோலோகியா 10 லட்சத்தைத் தாண்டும். ஆனால் இது ரகத்துக்கான உத்தேச அளவுதான், உங்கள் கையில் இருக்கும் காய்க்கு அல்ல.

மாடித்தோட்டத்தில் பக்கத்துச் செடி காரணமா?

குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாய் வைத்தால், இந்த முறை காய்க்கும் குடைமிளகாய் காரமாகிவிடாது. ஆனால் மகரந்தம் கலந்திருந்தால், அதன் விதையிலிருந்து வளரும் அடுத்த தலைமுறைச் செடியில் காரம் வரலாம்.

சமைக்கும்போது என்ன செய்யலாம்?

* மிளகாயை எண்ணிப் போடாதீர்கள். காம்புப் பக்கத்தில் துளி நறுக்கி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள்.
* பாதியை முதலில் போடுங்கள். காரம் பத்தவில்லை என்றால் பிறகு சேர்க்கலாம், போட்டதை எடுக்க முடியாது.
* குழந்தைகளும் சாப்பிடுவார்கள் என்றால், கீறி உள் வெள்ளைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.
* குழம்பில் காரம் தூக்கலாகிவிட்டதா? தேங்காய்ப்பால் சேருங்கள்.
* வாய் எரிந்தால் பாலோ தயிரோ நல்லது. கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. பாலில் உள்ள கேசீன் புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.
* நறுக்கிய கையில் எண்ணெய் தடவி, சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

ரெசிபியில் ‘பச்சை மிளகாய் 4’ என்று இருந்தால், அதை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ருசி பார்த்த பிறகு ஒன்றா, நாலா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.