ஈசியூ மாத்தணுமா? கொஞ்சம் பொறுங்க!

வீட்டுல பதினஞ்சு வருஷப் பழைய கார் இருக்கா? அப்போ ஒரு நாள் இந்த வசனத்தைக் கேட்டே தீருவீங்க: "ஈசியூ போயிடுச்சு தம்பி, மாத்தணும்." உடனே அப்பா உங்க முகத்தைப் பார்ப்பார். நாலு வருஷமா இன்ஜினியரிங் படிக்கிறீங்க, பதில் சொல்லணும்ல?

கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்ததிலிருந்து, எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும், ஸ்பார்க் எப்போ கொடுக்கணும்னு முடிவு பண்ற கம்ப்யூட்டர்தான் ஈசியூ. அது அவ்வளவு சீக்கிரம் சாகாது. பல நேரம் தப்பு வேற இடத்துல, பழி மட்டும் அது மேல.

முதல்ல சாவியை ஆன் பண்ணி செக் இன்ஜின் லைட் எரியுதான்னு பாருங்க. எரியலைனா ஈசியூவுக்குக் கரண்டே போகாம இருக்கலாம். ஃபியூஸ், மெயின் ரிலே, துருப்பிடிச்ச எர்த் வயர் மூணையும் பாருங்க. (பல்பே போயிருக்கவும் சான்ஸ் உண்டு!)

லைட் எரியுது, ஆனா ஸ்கேனர் நாலு சென்சாரை ஒரே நேரத்துல பழுதுன்னு காட்டுதா? நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். பல சென்சார்களுக்கு ஈசியூ ஒரே 5 வோல்ட் லைன்ல சப்ளை கொடுக்கும். அதுல ஒண்ணு ஷார்ட் ஆனா லைன் மொத்தமும் படுத்துடும், மத்ததும் செத்த மாதிரி தெரியும். மல்டிமீட்டரை அந்த லைன்ல வச்சுக்கிட்டு சென்சார் கனெக்டரை ஒவ்வொண்ணா கழட்டுங்க. எதைக் கழட்டினதும் 5 வோல்ட் திரும்புதோ, அதுதான் திருடன். எல்லாத்தையும் கழட்டியும் வரலையா? வயரிங்கைப் பார்த்துட்டு அப்புறம் ஈசியூவைச் சந்தேகப்படுங்க.

சரி, நிஜமாவே போயிடுச்சு. ஏன் போச்சு? தண்ணி இறங்கியிருக்கலாம். கெபாசிட்டர் கசிஞ்சு போர்டோட செம்புத் தடத்தை அரிச்சிருக்கலாம். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி அதுக்கான டிரான்சிஸ்டரைக் கருக்கியிருந்தா, காயிலை மாத்தாம வேற ஈசியூ போடுறது காசைக் கரியாக்குற வேலை.

புதுப்பேட்டை மாதிரி இடத்துல செகண்ட் ஹேண்ட் வாங்கினா, பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்தணும். ஒரே மாடல்லயே வருஷம், கியர்பாக்ஸ் மாறினா நம்பரும் மாறலாம்.

நம்பர் பொருந்தியும் கார் கிளம்பலையா? இம்மொபிலைசர் வேலை அது. சாவித் தலைக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கு, அதோட கோடு சரியா இருந்தாத்தான் இன்ஜின் ஓடும். வாங்கின ஈசியூவோ இன்னும் பழைய ஓனரோட சாவியையே தேடிட்டிருக்கும். ஸ்கேனர் வச்சு ரெண்டையும் ஜோடி சேர்க்கலாம், ஆனா சில மாடல் யூஸ்டு ஈசியூவை ஏத்துக்காது. இன்னொரு வழி, உங்க ஈசியூவோட ஈஈப்ராமை அப்படியே அதுல காப்பி பண்றது. மைக்ரோகன்ட்ரோலர் லேப்ல ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் எழுதினோமே, அதே ஈஈப்ராம்தான்! பல பழைய கார்கள்ல இது 93சி56 மாதிரி எட்டுக் கால் சிப். மொத்தக் கொள்ளளவே 256 பைட்.

அதனால "பழசைக் கொடுங்க, விலை குறைச்சுக்கறேன்"னு கடைக்காரர் கேட்டா உடனே நீட்டிடாதீங்க. போர்டு செத்திருந்தாலும் அந்தச் சிப் உயிரோட இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. காப்பி முடிஞ்சு, வண்டி ரெண்டு நாள் ஓடட்டும், அப்புறம் கொடுக்கலாம்.