‘தொடரும்’: தமிழ்த் தொடர்கதைகளில் காத்திருப்பும் வாசகச் சமூகமும்

ஆய்வுச் சுருக்கம்

நெடும்புனைவு ஒன்றின் அடுத்த பகுதிக்காக வாசகர்கள் காத்திருக்கும் காலம், இலக்கிய ஆய்வில் பெரும்பாலும் வெற்றிடமாகவே கருதப்படுகிறது. அக்காலமே வாசகர்களை ஒரு சமூகமாக ஆக்குகிறது என்பதைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, ‘அமரதாரா’, ஜெயமோகனின் ‘வெண்முரசு’ ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மேலைநாட்டு மிகுபுனைவு வரிசைகள் சில ஒப்புநோக்கப்படுகின்றன. நூல் வடிவம் இக்காத்திருப்பின் தடயங்களை நீக்கிவிடுவதால், அவற்றைக் கோம்பை போன்ற சிற்றூர்களில் தேடித் தொகுக்க வேண்டிய தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: தொடர்கதை, வாசகச் சமூகம், மிகுபுனைவு, கல்கி, வெண்முரசு, கோம்பை

1. முன்னுரை

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிவரும் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்னும் மிகுபுனைவு வரிசையின் முதல் நூல் 1996இல் வெளிவந்தது. அடுத்த நூல்கள் 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்தன. ஆறாம் நூலுக்கான காத்திருப்பு பத்தாண்டுகளைக் கடந்து நீண்டது. ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையில் நான்காம் நூலுக்கும் (2000) ஐந்தாம் நூலுக்கும் (2003) இடையில் மூன்றாண்டு இடைவெளி இருந்தது. இத்தகைய இடைவெளிகளில் வாசகர்கள் ஊகங்களை முன்வைத்தனர், மறுவாசிப்புச் செய்தனர், கிளைக்கதைகளைத் தாமே எழுதினர். இவற்றை இணையக் காலத்தின் புதுமை எனக் கருதும் போக்கு உண்டு. தமிழ் வார இதழ்களின் வரலாறு அக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

‘பொன்னியின் செல்வன்’ மிகுபுனைவு அன்று, வரலாற்றுப் புனைவு. எனினும் பரந்த கதையுலகு, மறைக்கப்பட்ட பிறப்பு, அரியணைக்கான சூழ்ச்சி, சோதிடர் வாக்கு, வானில் தோன்றும் வால்நட்சத்திரம் என அதன் கட்டமைப்புக் கூறுகள் பல மிகுபுனைவு வரிசைகளுடன் ஒப்பிடத்தக்கவை. ஒப்பீட்டின் அடிப்படை கதைப்பொருளைவிட வெளியீட்டு முறையிலேயே உள்ளது. இரண்டிலும் வாசகர் முடிவுறாத பனுவல் ஒன்றின் நடுவில் நிறுத்தப்படுகிறார்.

2. காத்திருப்பின் மூன்று வகைகள்

காத்திருப்பை அதன் கால ஒழுங்கு நோக்கி மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, அடுத்த பகுதி வரும் நாள் அறியப்பட்டிருக்கும் வரையறுத்த காத்திருப்பு. வார இதழ்த் தொடர்கள் இவ்வகையின. இரண்டாவது, நாள் அறியப்படாத வரையறையற்ற காத்திருப்பு. மார்ட்டினின் வாசகர்களின் நிலை இது. மூன்றாவது, எழுதியவர் மறைந்தபின் எழும் காத்திருப்பு. இதில் எப்போது என்னும் கேள்வியுடன் யார் எழுதுவார் என்னும் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இம்மூன்றும் வாசகச் சமூகத்தை வெவ்வேறு வகையில் உருவாக்குகின்றன. வரையறுத்த காத்திருப்பில் பேச்சு கதையைச் சுற்றியே அமைகிறது. வரையறையற்ற காத்திருப்பில் அது எழுத்தாளரின் வயது, உடல்நிலை, பிற பணிகள் ஆகியவற்றின் பக்கம் திரும்புகிறது. எழுத்தாளர் வாசகருக்குக் கடன்பட்டவரா என்னும் வழக்கும் எழுகிறது. மார்ட்டினின் வரிசையைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2019இல் முடிவுற்றபோது நூல்வரிசை முடிவுறவில்லை. வாசகரின் ஊகங்களுக்கு வேறோர் ஊடகம் விடையளித்த பின்னரும் நூலுக்கான காத்திருப்பு நீடித்தது. கதைமுடிவை அறிவதே காத்திருப்பின் ஒரே நோக்கம் எனில் இது நிகழ்ந்திருக்காது.

3. வார இதழும் ஒத்த நிலை வாசிப்பும்

‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வெளிவந்தது. புதுவெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் ஆகிய ஐந்து பாகங்களில் முறையே 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள் உள்ளன. தொடர் வந்த காலம் ஏறத்தாழ 185 வாரங்கள். எனவே வாரத்திற்குச் சராசரியாக ஒன்றரை அத்தியாயத்திற்குச் சற்று மிகுதியாக வாசகர் பெற்றனர். இன்று சில வாரங்களில் படித்து முடிக்கத்தக்க நாவலை அன்றைய வாசகர் மூன்றரை ஆண்டுகள் படித்தார். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய ஒருவர் கல்லூரியிலோ பணியிலோ திருமண வாழ்விலோ இருக்கும்போது அதனை முடித்திருக்கக்கூடும்.

இக்கால நீட்சியைவிட முதன்மையானது ‘ஒத்த நிலை’ எனலாம். ஒரு வாரத்தில் எல்லா வாசகரும் கதையின் ஒரே இடத்தில் நின்றனர். வந்தியத்தேவனுக்கு அடுத்து என்ன நேரும் என்பதை மதுரை வாசகரும் அறியார். சென்னை வாசகரும் அறியார். முன்னே படித்தவர், பின்னே படிப்பவர் என்னும் ஏற்றத்தாழ்வு சில நாள்களுக்கு மேல் நிலைக்க வழியில்லை. இச்சமநிலையே உரையாடலுக்கு இடமளித்தது. நூலாக வாங்கிப் படிப்பவர்கள் பல்லாயிரவர் எனினும் அவரவர் வெவ்வேறு பக்கங்களில் நிற்கின்றனர். அவர்களுக்குள் கதைபற்றி ஊகிக்கும் பேச்சு எளிதில் அமைவதில்லை.

இக்காத்திருப்பின் சுவடுகள் பனுவலிலும் பதிந்துள்ளன. கதைசொல்லி நேயர்களை நேரே விளித்தல், முன்பு விட்ட இடத்தை நினைவூட்டிப் பின் கதையைத் தொடர்தல், அத்தியாய இறுதியில் வினாவையோ இடரையோ நிறுத்துதல் ஆகியவற்றை நூலாகப் படிப்பவர் நடைக்கூறுகளாக மட்டும் காண்கிறார். இதழில் அவை ஏழு நாள் இடைவெளியைக் கடக்க உதவிய பாலங்கள். பின்னர்க் குமுதம் இதழில் வெளிவந்த சாண்டில்யனின் ‘யவன ராணி’, ‘கடல் புறா’ ஆகிய தொடர்களையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு.

4. சிற்றூரும் இதழும்: கோம்பை

இன்றைய தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி கோம்பை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம் வழியாக உத்தமபாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தபோது இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஊரில் இருப்புப்பாதை இல்லை. சென்னையில் அச்சான இதழ் இறுதிக் கட்டத்தில் சாலைவழியே வந்து சேர வேண்டும். இத்தகைய ஊர்களில் காத்திருப்பு இரு படிநிலைகளைக் கொண்டது. இதழ் வெளிவரும் நாளுக்கான காத்திருப்பு ஒன்று. அது ஊருக்கு வந்து, பிறர் படித்து, தம் கைக்கு வருவதற்கான காத்திருப்பு மற்றொன்று.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு மட்டுமே. ஆகவே இதழின் விற்பனைப் படிகளை எண்ணுவதால் மட்டும் வாசகப் பரப்பை அறிய இயலாது. ஒரு படி பல வீடுகளுக்குச் செல்வதும், படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பதும் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட வழக்கங்கள். தொடர் முடிந்ததும் பக்கங்களை இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து வரிசைப்படுத்தி ‘பைண்டு’ செய்து வைப்பதும் அவ்வாறே. கேட்டறிந்தவர்களும் வாசகச் சமூகத்தின் உறுப்பினரே. அவர்களும் காத்திருந்தனர், எழுத்தை அறிந்தவர் ஊரில் இல்லாத வாரத்தில் அவர்களின் காத்திருப்பு மேலும் நீண்டிருக்கும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்குப் பின் விரிந்த நூலக வலையமைப்பு இவ்வாசிப்பில் ஆற்றிய பங்கு ஊர்வாரியாக ஆராயத்தக்கது.

5. முடிவை ஏற்காத வாசகர்

தொடர் 1954இல் நிறைவுற்றபோது வாசகரின் கேள்விகள் நிறைவுறவில்லை. கல்கி தம் முடிவுரையில் அக்கேள்விகளை எடுத்துக்கொண்டு, பாத்திரங்கள் சிலரின் பிற்கால வாழ்வைக் கூறுகிறார். படைப்பாளர் தம் வாசகச் சமூகத்தின் குறையைப் பனுவலின் எல்லைக்குள்ளேயே ஏற்று விடையளித்த நிகழ்வு இது. தொடர்வெளியீடு இல்லையேல் இம்முடிவுரைக்கே தேவை எழுந்திராது.

தீராத கேள்விகளில் தலையாயது ஆதித்த கரிகாலன் கொலை. நாவலுக்குள் ஐயம் பலர்மீது படர்கிறது. வரலாற்றிலோ முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. அவர்தம் உறவினரின் நிலங்கள் பறிக்கப்பட்டமையையும் கூறுகிறது. கொலையின் பின்னணி குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாவலின் கேள்வியிலிருந்து கல்வெட்டுக்குச் செல்லும் வாசகர் தலைமுறைதோறும் தோன்றுகின்றனர். இணையக் குழுவாகத் தோன்றிய பொன்னியின் செல்வன் வரலாற்றுப் பேரவை சோழர்காலத் தலங்களுக்குப் பயணங்களை மேற்கொண்டது. கதையின் இடைவெளியை நிரப்பும் விருப்பம் இங்கு வரலாற்றுத் தேடலாக மாறியது.

மற்றொரு விளைவு, தொடர்ச்சிப் படைப்புகள். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ கல்கியின் கதையைத் தொடர்கிறது. இராசேந்திர சோழனைப் பற்றிய அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதுவும் கல்கி இதழிலேயே தொடராக வந்தது. பாலகுமாரனின் ‘உடையார்’ இராசராசனின் பிற்காலத்தை விரித்துரைக்கிறது. பின்னிரண்டும் கல்கி நாவலின் நேர்த்தொடர்ச்சிகள் அல்ல. எனினும் அந்நாவல் வளர்த்த வாசக எதிர்பார்ப்பின் களத்திலேயே அவை படிக்கப்பட்டன.

6. எழுத்தாளர் மறைவும் எழுதும் உரிமையும்

கல்கி 1954 டிசம்பர் 5 அன்று மறைந்தார். அப்போது ‘அமரதாரா’ முற்றுப்பெறாதிருந்தது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் இதற்கிணையான நிகழ்வு ஆங்கில மிகுபுனைவில் நடந்தது. ‘தி வீல் ஆஃப் டைம்’ வரிசையை எழுதிவந்த ராபர்ட் ஜோர்டன் 2007இல் மறைந்தார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஜோர்டனின் குறிப்புகளைக் கொண்டு இறுதி மூன்று நூல்களும் 2009 முதல் 2013 வரை வெளிவந்தன.

இரு நிகழ்வுகளிலும் எழுதும் உரிமை இரண்டு ஊற்றுகளிலிருந்து பெறப்பட்டது: மறைந்தவரின் குறிப்பு, குடும்பத்தின் இசைவு. ‘பொன்னியின் செல்வன்’ தொடர்ச்சிகளுக்கு மூன்றாவது ஊற்று ஒன்று வாய்த்தது. அது வரலாறு. சோழர் வரலாறு எவருக்கும் தனியுடைமை அன்று ஆதலின், பிறர் அதே மாந்தரைப் புதிதாக எழுத இயன்றது. முற்றிலும் கற்பனையான உலகைப் படைத்த எழுத்தாளரின் வாசகர்களுக்கு இவ்வழி இல்லை. அவ்வுலகின் திறவுகோல் ஒருவர் கையில் மட்டும் இருப்பதால் அவர்களின் காத்திருப்பு கூடுதல் பதற்றம் கொண்டதாகிறது.

7. அறிந்த கதைக்கான காத்திருப்பு: வெண்முரசு

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரி 1 அன்று தொடங்கி 2020 ஜூலையில் 26 நூல்களாக நிறைவுற்றது. நாள்தோறும் ஓர் அத்தியாயம் இணையத்தில் வெளிவந்தது. நூல்களுக்கிடையே இடைவெளிகள் இருந்தன. இது மகாபாரத மறுபுனைவு. குருச்சேத்திரத்தில் வெல்வோர் யார் என்பது தொடங்கும் முன்னரே அனைவரும் அறிந்தது. ஆகவே ‘அடுத்து என்ன’ என்பதைவிட ‘எவ்வாறு’ என்பதே இவ்வாசகரின் வினா. சென்னை, புதுச்சேரி முதலிய ஊர்களில் வாசகர்கள் கூடி இப்படைப்பைப் பற்றிக் கலந்துரையாடினர். கதை தெரிந்த கூத்தை விடியவிடிய இருந்து காணும் மரபுடைய சமூகத்தில் இது வியப்புக்குரியது அன்று. காத்திருப்பு கதைத்திருப்பத்தை மட்டும் சார்ந்திருப்பதில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

8. அழியும் சான்றுகள்: ஆய்வாளர் செய்யத்தக்கன

கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டபின் ‘பொன்னியின் செல்வன்’ பல பதிப்புகளில் எளிதில் கிடைக்கிறது. ஆயினும் நூற்பதிப்பில் வாரப் பிரிப்பு தெரிவதில்லை. ஓவியர் மணியத்தின் படங்கள், உடன்வந்த விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள், அதே இதழின் பிற செய்திகள் ஆகியனவும் பெரும்பாலான பதிப்புகளில் இல்லை. நூலை மட்டும் கொண்டு தொடர்கதையை ஆராய்வோர் காத்திருப்பு நீக்கப்பட்ட பனுவலையே ஆராய்கின்றனர்.

ஆகவே மூவகைச் சான்றுகளை ஒருங்கே நோக்குதல் வேண்டும். முதலாவது, மூல இதழ்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களில் பழந்தமிழ் இதழ்கள் பேணப்படுகின்றன. இரண்டாவது, வீடுகளில் பைண்டு செய்யப்பட்ட தொகுதிகள். அவற்றின் முதற்பக்கப் பெயர்கள், இரவல் குறிப்புகள், விடுபட்ட வாரங்கள், கையால் எழுதிச் சேர்த்த பக்க எண்கள் ஆகிய அனைத்தும் தரவுகளே. தொகுதியை இடம்பெயர்க்காமல் உரியவர் இசைவுடன் ஒளிப்படம் எடுத்தலே போதுமானது. மூன்றாவது, வாய்மொழிச் சான்று. 1950இல் பன்னிரண்டு வயதினராக இருந்தோர் இன்று 85 வயதைக் கடந்தவர்கள். இதழ் யார் வீட்டிற்கு வந்தது, யார் உரக்கப் படித்தார், பெண்கள் எங்கிருந்து கேட்டனர், வாரம் தவறியபோது கதையை எவ்வாறு அறிந்தனர் என அவர்களிடம் கேட்க வேண்டியவை பல. கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், உத்தமபாளையம், கம்பம் என அடுத்தடுத்து அமைந்த ஊர்களைக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கு இத்தகைய கள ஆய்வுக்கு உகந்த அலகு.

9. முடிவுரை

அடுத்த பகுதிக்கான காத்திருப்பு வாசகர்களை ஒத்த நிலையில் நிறுத்தி, பேசவும் ஊகிக்கவும் தேடவும் எழுதவும் வைக்கிறது. கால ஒழுங்கு தெளிவாக இருக்கும்போது அச்சமூகம் கதையைப் பேசுகிறது; ஒழுங்கு குலையும்போது எழுத்தாளரைப் பேசுகிறது; எழுத்தாளர் மறையும்போது எழுதும் உரிமையைப் பேசுகிறது. தமிழில் இம்மூன்று நிலைகளையும் ஆராய இயலும். அவற்றுள் 1950களின் வாசகச் சமூகத்தைப் பற்றிய நேர்ச்சான்றுகளைத் தரவல்லோர் சிலரே எஞ்சியுள்ளனர். நூலகத்தில் உள்ள பனுவல் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கும். முதியோரின் நினைவு காத்திராது. கள ஆய்வு முதலில் தொடங்கப்பட வேண்டிய இடம் அதுவே.