ஓநாய் என்று பெயர் வைத்த தாய்

வானொலியில் என்னை என் பெயரை மட்டும் வைத்துத்தான் உங்களுக்குத் தெரியும். அப்பா பெயரை நான் சொல்வதே இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், வேறொருவரின் பெயர்க் கதை.

பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தபோது, செர்பியா நாட்டு மாணவர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார். முதல் நாள் அறிமுகத்தில், "என் பெயர் வூக்" என்றார். அர்த்தம் என்னவென்று விரிவுரையாளர் கேட்டார். "ஓநாய்" என்றார். வகுப்பே சிரித்தது, நானும்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள் ஊரில் இது பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வைக்கும் பெயர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. அது பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

ரஷ்யர், போலந்துக்காரர், செக், செர்பியர் எல்லாரும் ஸ்லாவிய இனத்தவர். ஓநாயை ரஷ்யர் 'வோல்க்' என்பர், போலந்தில் 'வில்க்', செர்பியாவில் 'வூக்'. சமஸ்கிருதத்தில் 'விருக'. மகாபாரதத்தில் பீமனுக்கு விருகோதரன் என்றொரு பெயர் உண்டு அல்லவா? ஓநாய் வயிற்றுக்காரன் என்று பொருள். அந்த விருகமும் இந்த வூக்கும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள்.

சரி, பெற்ற பிள்ளைக்கு ஏன் ஓநாய் என்று பெயர்?

மருத்துவம் எட்டாத காலம். பிறக்கும் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. சூனியக்காரிகள்தாம் குழந்தைகளைத் தின்கிறார்கள் என்று கிராம மக்கள் நம்பினார்கள். ஆனால், ஓநாயைக் கண்டால் சூனியக்காரிக்கும் பயம். அதனால் அடுத்த குழந்தைக்கு 'வூக்' என்று பெயர் வைத்தார்கள். பெயரே காவல்.

அப்படிக் காவல் பெற்ற ஒரு குழந்தைதான் வூக் கரஜிச். 1787இல், துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சியில் இருந்த துர்ஷிச் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்தவை தங்கவில்லை. வசதியில்லாத குடும்பம். தோட்டா சுற்றும் காகிதத்தில், வெடிமருந்தைக் கரைத்த நீரைத் தொட்டு எழுதிப் பழகியதாகச் சொல்வார்கள். பின்னர் ஒரு கால் முடங்கியது. கட்டைக்கால் உதவியோடுதான் நடந்தார்.

அந்த மனிதர்தான் செர்பிய மொழியையே மாற்றினார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என 30 எழுத்துகளை வகுத்தார். மக்கள் பேசும் மொழியிலேயே எழுத வேண்டும் என்று வாதாடினார். ஊர் ஊராக நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் அவருடைய இலக்கண நூலை மொழிபெயர்த்து, முன்னுரையும் எழுதினார்.

1818இல் வியன்னாவில் அவர் வெளியிட்ட அகராதியில் 26,000க்கும் அதிகமான சொற்கள் இருக்கின்றன. அதில் 'வூக்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது, பிள்ளை தங்காத பெண்கள் இந்தப் பெயரை வைக்கும் வழக்கத்தைச் சொல்லி, தனக்கும் அதனால்தான் இப்பெயர் வந்தது என்று சேர்த்து எழுதியிருக்கிறார். அகராதிக்குள் தன் தாயின் பயத்தையும் பதிவு செய்துவிட்டார்!

ஆனால், விதி அவரையும் விடவில்லை. அவருக்கும் மனைவி அன்னாவுக்கும் 13 குழந்தைகள். 1864இல் அவர் வியன்னாவில் இறந்தபோது உயிரோடு இருந்தவர்கள் இருவர் மட்டுமே.

இன்று செர்பியாவின் 10 டினார் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் எல்லாப் பாடங்களிலும் சிறந்து விளங்கும் மாணவருக்கு 'வூக்' பெயரில்தான் சான்றிதழ். ஆண் குழந்தைகளுக்கு இப்போதும் விரும்பி வைக்கிறார்கள். வூச்சிச், வூகோவிச் போன்ற குடும்பப் பெயர்களும் இதிலிருந்து வந்தவையே.

இதே ஆசையில் பிறந்த வேறு பெயர்களும் அங்கே உண்டு. ஸ்தோயன் என்றால் நிற்பவன். ஷிவ்கோ என்றால் உயிரோடு இருப்பவன். நெனாத் என்றால் எதிர்பாராமல் வந்தவன்.

இனி என் கதை. என் அப்பாவின் பெயர் பிச்சை. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது, 'த/பெ பிச்சை' என்று ஆசிரியர் வாசித்ததும் பின்வரிசையில் யாராவது கையேந்திக் காட்டுவார்கள். வானொலிக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பா பெயரை விட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, அப்பாவிடம் வூக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு முன்னால மூணு பேரும்மா. ஒருத்தரும் நிக்கல. நான் பொறந்ததும் உங்க பாட்டி என்னை முறத்துல போட்டு, பக்கத்து லயத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு வித்துட்டாங்க. அப்புறம் அவங்க வாசல்ல போய் நின்னு, பிச்சையா கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. அதான் பேரு."

"ஏம்ப்பா இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

பாட்டி இப்போது இல்லை. கையேந்திக் காட்டிய பையன்களுக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. வரும் திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியை என் முழுப் பெயரைச் சொல்லித்தான் தொடங்கப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு குப்பம்மாவோ பிச்சையோ மண்ணாங்கட்டியோ இருக்கக்கூடும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று, சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.